பத்தைக் கூட்டினாயா, தம்பி?

கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை. அங்கே கிடந்த ஸ்டீல் ஸ்கேலின் முனை தேய்ந்துபோயிருந்தது. பட்டறைகளில் இது சகஜம். முனை தேய்ந்த ஸ்கேலில் யாரும் பூஜ்யத்திலிருந்து அளக்க மாட்டார்கள். 10 மில்லிமீட்டர் கோட்டில் விளிம்பை வைப்பார்கள். அளக்கும்போது பத்தைக் கழிப்பார்கள், குறிக்கும்போது பத்தைக் கூட்டுவார்கள். ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாக வந்து மூன்று வாரமே ஆன பையனிடம் 64 மில்லிமீட்டரில் பன்னிரண்டு துண்டு வெட்டச் சொன்னார்கள். அவனும் சொல்லிக்கொடுத்தபடியே 10இல் வைத்தான். 64இல் கோடு போட்டான். வெட்டி முடித்துப் பார்த்தால் பன்னிரண்டும் 54 மில்லிமீட்டர்.

"பத்துல வெச்சியே தம்பி, பத்தைக் கூட்டுனியா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஸ்கேல்ல 64லதானுங்கண்ணா கோடு போட்டேன்."

அவர் திட்டவில்லை. துண்டுகளைப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டு நம் பக்கம் திரும்பி, "முன்னெல்லாம் எப்பவாச்சும் ஒருத்தன் இப்படி வருவான். இப்ப வர்றவன்ல பாதிப் பேரு இப்படித்தான்" என்றார். அந்தப் பையனிடம் முறைப்படி பெற்ற சான்றிதழ் இருக்கிறது. இரண்டு ஆண்டு படித்திருக்கிறான், தேர்வில் தேறியிருக்கிறான், கை வேலையும் சுத்தமாக இருக்கிறது. அரம் பிடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 64ஓடு பத்தைக் கூட்ட வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

இதை ஒரு பையனின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றி 'அசர்' 2023 அறிக்கை சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் எடுத்த கணக்கு அது. ஸ்கேலின் பூஜ்யத்தில் வைத்த பொருளின் நீளத்தைச் சுமார் 85 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். அதே பொருளைச் சற்றுத் தள்ளி வேறொரு எண்ணில் வைத்ததும் சரியாகச் சொன்னவர்கள் 39 விழுக்காட்டினர்தான். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 43 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கணபதிப் பட்டறையில் நடந்தது நாடு முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது.

நாம் அபாயச் சங்கு ஊதுவதற்குக் காரணம் இன்னும் குறிப்பானது. 2025இல் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் சேர்ந்த பிள்ளையின் பள்ளி ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். ஆறாம் வகுப்பு முழுவதும் வீட்டில் கழிந்தது. கல்வித் தொலைக்காட்சி ஓடியது. கைப்பேசி இருந்த வீட்டில் கைப்பேசி ஓடியது. ஏழாம் வகுப்பில் அவன் பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அடுத்த ஜனவரியில் மறுபடியும் மூடினார்கள். நமது பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில் என்ன இருக்கிறது? விகிதம், விகிதாசாரம், பின்னங்களின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். ஏழாம் வகுப்பில்? தசம எண்கள், நேர் மாறல், எதிர் மாறல். பட்டறைத் தொழில் நிற்கும் நான்கு கால்களும் இவைதாம். அந்த நான்கு கால்களும் எந்த இரண்டு ஆண்டில் ஊன்றப்பட வேண்டுமோ, அந்த இரண்டு ஆண்டுதான் இந்தப் பிள்ளைகளிடமிருந்து பறிபோயிற்று. எட்டாம் வகுப்பில் ஆசிரியர் இயற்கணிதத்துக்குப் போய்விட்டார். திரும்பிப் போய் பின்னம் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது, நல்ல முயற்சி. சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று 'திறன்' வந்திருக்கிறது. எல்லாம் பள்ளிக் கல்வித் துறைக்குள் இருப்பவர்களுக்கு. பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. வாசலுக்கு வந்துவிட்ட பிள்ளை தொழிலாளர் நலன், திறன் மேம்பாட்டுத் துறையின் பிள்ளை ஆகிவிடுகிறான். அவனுக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு தெரியுமா என்று கேட்பது அந்தத் துறையின் வேலைப் பட்டியலில் இல்லை. இரண்டு துறைகளுக்கு நடுவே உள்ள சந்தில் அவன் விழுந்து கிடக்கிறான்.

இதற்கு மேல் நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. "அவனுக்குக் கணக்கு வரல, ஐ.டி.ஐ.ல சேத்துடுங்க" என்று மாமாவோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டு ஆசிரியரோ சொல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? கணக்கு வராத பிள்ளையை, நாள் முழுக்கக் கணக்கிலேயே கை வைத்திருக்க வேண்டிய தொழிலுக்கு அனுப்புகிறோம். கணக்குத் தெரியாத எழுத்தரால் ஒரு கோப்பு தாமதமாகும். கணக்குத் தெரியாத மெஷினிஸ்டால் என்ன ஆகும் என்று ஒரு மில்லிங் மெஷின் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

28 பல் கொண்ட ஒரு கியர் வெட்ட வேண்டும். இண்டெக்ஸிங் ஹெட்டின் கைப்பிடியை 40 முறை சுற்றினால் ஜாப், அதாவது வெட்டப்படும் துண்டு, ஒரு முறை சுற்றும். அப்படியானால் ஒரு பல்லுக்கு 40ஐ 28ஆல் வகுக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று, மீதி 28இல் 12 பங்கு. அதைச் சுருக்கினால் ஏழில் மூன்று. ஹெட்டில் உள்ள துளைத் தட்டில் ஏழு துளை கொண்ட வட்டம் இல்லை, 21 துளை வட்டம் இருக்கிறது. ஏழில் மூன்று என்பது 21இல் ஒன்பது. ஆக, ஒரு முழுச் சுற்று, அப்புறம் ஒன்பது துளை. இவ்வளவுதான் விஷயம்: ஒரு வகுத்தல், ஒரு சுருக்கல், ஒரு சம பின்னம். மூன்றும் ஆறாம் வகுப்புப் பாடம். சம பின்னம் புரியாத பையன் வாத்தியார் சொன்ன "ஒண்ணு, ஒம்பது" என்பதை மனப்பாடம் செய்துகொள்கிறான். 28 பல் வரும்வரை பிழைத்துக்கொள்வான். 36 பல் வந்தால் கையைக் கட்டி நிற்பான். ஒன்பதுக்குப் பதில் எட்டுத் துளை நகர்த்தினால் முதல் பல்லில் ஒன்றும் தெரியாது, ஐந்தாம் பல்லிலும் தெரியாது. பிழை ஒவ்வொரு பல்லாகச் சேர்ந்துகொண்டே போய், கடைசி இடைவெளி மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்து நிற்கும். அரைநாள் உழைப்பும் இரும்பும் குப்பை.

குப்பையாவது இரும்புதானே, போகட்டும் என்று விட முடியாத இடங்களும் இருக்கின்றன. பெல்ட்டில் ஓடும் பெஞ்சு கிரைண்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. மோட்டாரில் 50 மில்லிமீட்டர் புல்லி, கல் இருக்கும் தண்டில் 100 மில்லிமீட்டர் புல்லி. கல் 720 சுற்று சுற்றும். பழுது பார்க்கக் கழற்றியவன் மறுபடி மாட்டும்போது இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் 2,880 சுற்று. ஒவ்வொரு சாணைக்கல்லின் மேலும் அதிகபட்சம் எத்தனை சுற்று என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் கல் வெடிக்கக்கூடும். எதிரே நிற்பவனின் முகம்தான் அதன் வழியில் இருக்கும். கல் தண்டின் புல்லி பெரிதானால் சுற்று குறையும் என்பது எதிர் மாறல். ஏழாம் வகுப்பைத் தொலைத்த பையனுக்கு இது வெறும் சூத்திரமாகக்கூட வந்து சேரவில்லை.

எலக்ட்ரீஷியனின் பிழை நம் வீட்டுச் சுவருக்குள்ளேயே புதைந்து கிடக்கும். ஒரே லைனில் 2,000 வாட் கீசர், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி, 750 வாட் மிக்சி. கூட்டி 230ஆல் வகுத்தால் 16 ஆம்பியரைத் தாண்டிவிடும். கூட்டிப் பார்க்காதவன் கையில் இருந்த ஒயரை இழுத்துவிட்டுப் போவான். ஒயர் சூடேறி, அதன் உறை கருகி, ஒரு நாள் விடியற்காலையில் புகை வரும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

இப்போது அரசு செய்திருக்கும் பெரிய காரியத்துக்கு வருவோம். டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். செலவு 2,877 கோடி ரூபாய். ரோபோ, சி.என்.சி., முப்பரிமாண அச்சு என்று ஒரு தலைமுறைக்கு முன் கனவிலும் காணாத இயந்திரங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. இதை நாம் மனதார வரவேற்கிறோம். கிராமத்துப் பிள்ளை அந்த இயந்திரத்தின் முன் வெள்ளைச் சட்டையோடு நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்த சி.என்.சி.யில் ஒரு சின்னப் புள்ளியின் கதையையும் சொல்லியாக வேண்டும். பல கன்ட்ரோலர்களில் 50 என்று தட்டும்போது தசமப் புள்ளி வைக்க மறந்தால் இயந்திரம் அதை 50 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளாது, 50 மைக்ரானாக எடுத்துக்கொள்ளும். ஆயிரத்தில் ஒரு பங்கு. டூல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நேரே போய் ஜாப்பிலோ சக்கிலோ மோதும். 50க்கும் 0.050க்கும் உள்ள தூரத்தை மனதில் உணராத பிள்ளை திரையைப் பார்த்ததும் "இது தப்பாச்சே" என்று கையை இழுத்துக்கொள்ள மாட்டான். இயந்திரம் எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு உயர்ந்த விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

"போனில் கால்குலேட்டர் இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. எதை எதால் வகுப்பது என்று அது சொல்லாது. டேப்பர் கடைவதற்கான கோணத்தின் டேன் மதிப்பைக் காணும்போது பெரிய டயாவிலிருந்து சிறிய டயாவைக் கழித்து நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 40, 30, நீளம் 50 என்றால் கோணம் 5 டிகிரி 43 நிமிடம். அந்த இரு மடங்கை மறந்தால் 11 டிகிரிக்கு மேல். இரண்டு விடையையும் கால்குலேட்டர் ஒரே முகத்தோடு காட்டும். 50 மில்லிமீட்டர் நீளத்தில் டயா 10 மில்லிமீட்டர் குறையும்போது ஒரு பக்கச் சரிவு 11 டிகிரி இருக்காது என்று கண் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணைத் தருவது பின்னமும் விகிதமும் பழகிய கைதான்.

பாடத்திட்டம் என்ன செய்கிறது? 2022இல் திருத்திய பாடத்திட்டப்படி ஐ.டி.ஐ.யில் முதல் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அதில் செய்முறை 840, தொழிற்கோட்பாடு 240, வேலைவாய்ப்புத் திறன் 120. முன்பு தனிப் பாடமாக நின்ற பட்டறைக் கணக்கும் பொறியியல் வரைபடமும் இப்போது அந்த 240 மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டன. தனிப் பாடம், தனி ஆசிரியர், தனி மதிப்பெண் என்று ஒன்று இருந்தவரை கணக்குக்கு வகுப்பறையில் ஓர் இருக்கை இருந்தது. இப்போது அது கூட்டத்தோடு கூட்டமாய் நிற்கிறது. எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கிறது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். படிப்படியாகக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் பட்டறைக் கணக்குக்குத் தமிழிலேயே நூல் வெளியிட்டிருக்கிறது, நல்ல நூல்தான். ஆனால் அது அலகு, பின்னம், தசமம், வர்க்கமூலம் என்று அடுத்தடுத்து நகர்ந்துவிடுகிறது. வாசிப்பவன் பள்ளியிலேயே பின்னம் பழகியிருப்பான் என்ற நம்பிக்கையில்தான் அந்த வேகம் பொருந்தும். அந்த நம்பிக்கை இன்று செல்லாது.

பயிற்சி அலுவலர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒரு ஜே.டி.ஓ. (இளநிலைப் பயிற்சி அலுவலர்) நம்மிடம் சொன்னார்: "முதல் மாசம் வெர்னியர் சொல்லிக்கொடுப்போம் சார். மெயின் ஸ்கேல்ல ஒரு பிரிவு 1 மில்லிமீட்டர், வெர்னியர்ல ஒரு பிரிவு 0.98. ரெண்டையும் கழிச்சா 0.02ன்னு போர்டுல எழுதுவேன். ஒண்ணுலேர்ந்து 0.98 எப்படிக் கழிக்கிறதுன்னு கேட்பான். வாய் விட்டுக் கேட்கிறவன் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் தலையைக் குனிஞ்சுக்குவான்." குனிந்த தலைகளுக்குள் இருப்பது சோம்பல் அன்று, வெட்கம். பத்து ஆண்டு பள்ளியில் கணக்கு வகுப்பு என்றாலே அவமானம் என்று பழகியவர்கள் அவர்கள். அதே கரும்பலகையை, அதே பயிற்சித்தாளை மறுபடி எதிரே வைத்தால் மறுபடி அதே பக்கம்தான் பார்வை போகும்.

இங்கிலாந்து இதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. பள்ளி இறுதிக் கணக்கில் தேறாமல் தொழிற்படிப்புக்கு வந்த பிள்ளைகள் கணக்கைத் தொடர்ந்து படிக்கத்தான் வேண்டும் என்று அங்கே பத்தாண்டுக்கு முன் கட்டாயமாக்கினார்கள். நோக்கம் நல்லது. பெரும்பாலோருக்கு அதே பள்ளித் தேர்வை மறுபடி மறுபடி எழுத வைத்ததுதான் வழியாயிற்று. 17 வயதிலும் அதற்கு மேலும் மறுதேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் அண்மை ஆண்டுகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. தோற்ற பாடத்தைத் தோற்ற விதத்திலேயே திரும்பத் தருவதால் பயனில்லை என்று நாம் அவர்கள் செலவில் தெரிந்துகொள்ளலாம்.

நம்மிடம் வேறு வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வயதான ஆசாரியின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். "ரெண்டே கால், ஒரு நூல்" என்பார். அங்குலத்துக்கு எட்டு நூல். நூல் என்றால் அரைக்கால் அங்குலம். இரண்டே கால் அங்குலத்தோடு ஒரு நூல் சேர்ந்தால் இரண்டு அங்குலம் மூன்று நூல் என்று அவர் யோசிக்காமல் சொல்வார். அவர் பள்ளியில் எத்தனை வகுப்பு படித்தார் என்பது கேள்வியே இல்லை. கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்கெல்லாம் தனிப் பெயர் வைத்து, திண்ணைப் பள்ளியில் எண்சுவடியாக ஒப்பித்த மொழி நம்முடையது. பின்னம் தமிழனுக்குக் கடினமான சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது. கையில் மரமும் உளியும் இருக்கும்போது அது ஒட்டிக்கொள்கிறது. காகிதத்தில் மட்டும் இருந்தால் உதிர்ந்துவிடுகிறது.

ஆகவே நாம் கேட்பது இது. ஐ.டி.ஐ.யில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வாரத்திலேயே இருபது கேள்வி கொண்ட ஒரு சோதனை வைக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக அன்று, பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தெரிந்துகொள்ள. பாதிக் கேள்வி காகிதத்திலும் பாதி கையில் ஸ்கேலும் பொருளும் கொடுத்தும் இருக்கட்டும். அதன்பின் முதல் எட்டு வாரம், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், பட்டறைக்குள்ளேயே அடிப்படைக் கணக்கு. ஃபிட்டர் தனி, டர்னர் தனி என்று தொழிற்பிரிவு பார்த்துப் பிரிக்காமல், யாருக்கு எது தெரியவில்லையோ அதன்படி பிரிக்க வேண்டும். வகுத்தல் தெரியாதவன் ஒரு மேஜை, தசமம் தடுமாறுகிறவன் இன்னொரு மேஜை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு வெல்டர், ஒயர்மேன் பிரிவுகளில் சேரும் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் போதாது. அவர்களுக்குக் காலம் நீள வேண்டும். வெட்டும் வேகத்துக்கு ஆர்.பி.எம். காண்பதை லேத்தை ஓட்டிக்கொண்டே சொல்லித்தரலாம். தசமத்தை மைக்ரோமீட்டரின் திம்பிளைத் திருகிக்கொண்டே சொல்லித்தரலாம்: ஒரு சுற்று அரை மில்லிமீட்டர், அதை ஐம்பதாகப் பிரித்தால் 0.01. தசமம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடப்புத்தகம் நாம் பார்த்ததில்லை.

இதற்கு ஆள் வேண்டும். ஓர் ஐ.டி.ஐ.க்குக் குறைந்தது ஒரு கணக்கு ஆசிரியராவது வேண்டும். அடிப்படைக் கணக்கைக் கற்பிக்கும் முறை பள்ளிக் கல்வித் துறையில் 'திறன்' வழியாக ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. தொழிலாளர் நலத் துறை அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு செயலாளர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடியும் பேச்சு. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு உயர் தொழில்நுட்பப் பயிற்சி தருகிறார்களே, அதன் முதல் படியாக இதையே வைக்கலாம். செலவு? 2,877 கோடித் திட்டத்தில் வாங்கிய இயந்திரங்களின் பராமரிப்புச் செலவில் ஒரு துளியாகக்கூட இது வராது. செய்முறைத் தேர்வில் ஒரு மாற்றமும் வேண்டும். ஜாப்பைச் செய்து காட்டுவதோடு, அதன் கணக்கையும் தாளில் படிப்படியாகப் போட்டுக் காட்ட வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு என்று வைத்தால் மறுநாளே எல்லா ஐ.டி.ஐ.யிலும் கணக்கு வகுப்பு உயிர் பெறும். தேர்வில் வராத எதையும் நம் நாட்டில் நடத்துவதில்லை. இது கசப்பான உண்மை.

அப்ரண்டிஸ்களை எடுக்கும் முதலாளிகளிடமும் ஒரு வார்த்தை. "பையன்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சங்கக் கூட்டங்களில் குறைபட்டுக்கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் தினமும் குப்பைப் பெட்டிக்குப் போகும் துண்டுகளில் கணக்குப் பிழையால் போனவை எவை என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலைப் பக்கத்து ஐ.டி.ஐ. முதல்வரிடம் கொடுங்கள். எந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

அடுத்த சேர்க்கைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட முடியாத ஒரு கூட்டம் இப்போதே உள்ளே இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் 2020இல் ஏழாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவர்கள். தசமமும் எதிர் மாறலும் அவர்களுக்கு முழுசாய்ப் போயிற்று. ஓராண்டுப் படிப்பான வெல்டர் பிரிவுப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து வெளியே போகிறார்கள். அதற்குள் மிச்சம் இருப்பது சில மாதச் சனிக்கிழமைகள். அந்தச் சனிக்கிழமைகளில் காலை மூன்று மணி நேரம் பட்டறையைத் திறந்து வைக்க ஒவ்வொரு முதல்வருக்கும் உத்தரவு போகட்டும்; வருகிற பிள்ளைக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுக்கட்டும். வெளியே போய்விட்ட பிறகு அவர்களை உட்கார வைத்துப் பின்னம் சொல்லித்தர எந்த மேஸ்திரிக்கும் நேரமிருக்காது. கணபதிப் பட்டறைக்காரர் அந்தப் பையனை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் டீ நேரத்தில் தேய்ந்த ஸ்கேலைக் கையில் கொடுத்து, ஒரு நாள் 10இல், ஒரு நாள் 30இல் வைத்து அளக்கச் சொல்கிறார்.